பேர் வந்த பிறகு பேசி என்ன?

தேர்தல் வரப்போகிறது என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் எழும் கேள்வி ‘யாருக்கு ஓட்டு’ என்பதல்ல, ‘யாருக்குச் சீட்டு’ என்பதுதான். அருப்புக்கோட்டை டீக்கடை பெஞ்சு, பந்தல்குடி கமிஷன் கடைத் திண்ணை, திருச்சுழி குண்டாற்றங்கரை, நரிக்குடி பஸ் ஸ்டாப் என்று எங்கே நாலு பேர் நின்றாலும் இதே பேச்சு.

“மாவட்டம் யாரைச் சொல்லிவிட்டிருக்காராம்?”

“மாவட்டம் சொல்றது இருக்கட்டும் மாமா. ஒன்றியம் போன வாரமே மெட்ராஸ் போயிட்டாரு. கூட ரெண்டு வண்டி போயிருக்கு.”

“வண்டி போனா சீட்டு வந்துருமா? போன தடவ நாலு வண்டி போச்சு. என்ன வந்துச்சு?”

யாருக்கு யார் சம்பந்தி, யார் எந்தக் கோஷ்டி, எந்த ஊரில் எத்தனை தலைக்கட்டு, போன தேர்தலில் கூட இருந்தே உள்ளடி வேலை பார்த்தது யார் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். இத்தனை தெரிந்த மனிதர்களுக்கு அந்த முடிவில் துளிகூடப் பங்கு இல்லை என்பதுதான் எனக்கு ரொம்ப நாளாக ஆறாத வருத்தம். மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற மாதிரிதான் வேட்பாளர் பட்டியலுக்கும் காத்திருக்கிறோம். மழையை நம்மால் வரவைக்க முடியாது, சரி. வேட்பாளரும் அப்படித்தானா?

நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கட்சி அறிவிப்பு வந்ததும் விருப்ப மனு கொடுப்பார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு திமுகவில் பொதுத் தொகுதிக்குக் கட்டணம் 25,000 ரூபாய், பெண்களுக்கும் தனித் தொகுதிக்கும் 15,000. அதிமுகவில் 15,000. மனு கொடுத்தவர்களைச் சென்னைக்குக் கூப்பிட்டு நேர்காணல் நடத்துவார்கள். செல்வாக்கு எப்படி, செலவு செய்ய முடியுமா, வேறு ஒருவருக்குக் கொடுத்தால் கட்சிக்கு வேலை செய்வீர்களா என்று கேட்பார்கள் என்பது போய்வந்தவர்கள் சொல்வது. பிறகு ஒருநாள் பட்டியல் வரும். 2021இல் திமுகவின் 173 பேர் பட்டியல் வந்தது மார்ச் 12ஆம் தேதி. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. நடுவில் 25 நாள். அந்த 25 நாளில்தான் மாலை, ஆரத்தி, திறந்த ஜீப், வாக்குறுதி எல்லாம். வேட்பாளரிடம் கேள்வி கேட்க நமக்குக் கிடைக்கும் காலமும் அந்த 25 நாள்தான். அதற்குள் கேட்டாலும் பலன் என்ன? பதில் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கட்சிக்குப் போகலாம். நம் கட்சியிலேயே இவரைவிட நல்ல ஆள் இருக்கிறாரே என்று சொல்ல வழி கிடையாது.

“அதெல்லாம் எதுக்கு? சின்னத்துக்குத்தான ஓட்டு” என்று இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். எங்கள் வட்டாரத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மைகூட இல்லை. 2019 மக்களவைத் தேர்தலில் விருதுநகர் தொகுதியில் காங்கிரசின் மாணிக்கம் தாகூரும் தேமுதிகவின் அழகர்சாமியும் மோதினார்கள். வித்தியாசம் ஒன்றரை லட்சம் ஓட்டுக்கு மேல். 2024இலும் கைக்கும் முரசுக்கும்தான் போட்டி. கை பக்கம் அதே மாணிக்கம் தாகூர். முரசு பக்கம் மட்டும் ஆள் மாறி, விஜயகாந்த் மகன் விஜய பிரபாகரன் வந்தார். விஜயகாந்த் 2023 டிசம்பர் 28 அன்று காலமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய பூர்வீகமான ராமானுஜபுரம் அருப்புக்கோட்டைப் பக்கம்தான். “நம்ம ஊர்க்காரர் மகன், தகப்பன் செத்த வீட்டுப் பிள்ளை” என்று கட்சி பார்க்காமல் பெண்கள் பேசியதை நானே கேட்டேன். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? வெறும் 4,379. இத்தனைக்கும் 2019இல் அதே அணியில் இருந்த பாஜக இந்த முறை பிரிந்து ராதிகாவைத் தனியாக நிறுத்தியிருந்தது. அந்த ஓட்டு பிரிந்தும் இவ்வளவு நெருங்கினார் என்றால், ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் எங்கள் கரிசல்காட்டில் ஏராளம் என்றுதானே அர்த்தம்?

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். 1962இல் அருப்புக்கோட்டை என்று ஒரு மக்களவைத் தொகுதியே இருந்தது. அதில் வென்றவர் முத்துராமலிங்கத் தேவர். 1967இல் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் காமராஜரையே 1,285 ஓட்டு வித்தியாசத்தில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் தோற்கடித்தார். 1977இல் எம்.ஜி.ஆர். முதன்முறை முதலமைச்சர் ஆனபோது அவர் எங்கள் அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ. எம்.ஜி.ஆர். காலத்தில் இரட்டை இலையில் சாத்தூரில் ஜெயித்த கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், பின்னால் உதயசூரியனுக்கு வந்து 2016இலும் 2021இலும் அருப்புக்கோட்டையில் ஜெயித்தார். சின்னம் மாறியும் ஆள் நின்றார். தொகுதி மறுவரையறைக்குப் பிறகு திருச்சுழியில் 2011, 2016, 2021 என்று மூன்று முறையும் தங்கம் தென்னரசுதான். அவர் அப்பா தங்கபாண்டியன் அருப்புக்கோட்டையில் எம்.எல்.ஏ.வாகவும் அமைச்சராகவும் இருந்தவர். இவர்கள் நல்லவர்களா, வேலை செய்தார்களா என்பது தனிப் பேச்சு. எங்கள் மக்கள் ஆளைப் பார்த்துப் பேசுகிறவர்கள், ஆளை எடை போடத் தெரிந்தவர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டையையே பாருங்கள். 2011இல் ராமச்சந்திரனை அதிமுகவின் வைகைச்செல்வன் தோற்கடித்தார். 2016இல் வைகைச்செல்வனை ராமச்சந்திரன் தோற்கடித்தார். 2021இல் மறுபடி அதே இருவர், மறுபடி ராமச்சந்திரன். மூன்று தேர்தல், பத்து வருஷம், இரண்டு பெரிய கட்சிகளிலும் அதே இரண்டு பேர். இந்தப் பத்து வருஷத்தில் தறிக்காரர்களிலிருந்தோ மானாவாரி விவசாயிகளிலிருந்தோ ஒரு பெண்ணோ இளைஞரோ இந்தக் கட்சிகளில் தலைதூக்கவே இல்லையா? இருந்திருப்பார்கள். விருப்ப மனுவும் கொடுத்திருப்பார்கள். அவர்கள் யார், என்ன சொன்னார்கள் என்பது நம் காதுக்கு வரவே இல்லை.

திருச்சுழிக்காரர்கள் பாடு இன்னும் சிக்கல். விருதுநகர் மாவட்டத்தில் இருந்தாலும் எம்.பி. தேர்தல் என்றால் அவர்கள் ராமநாதபுரத்துக்கு ஓட்டுப் போட வேண்டும். பாளையம்பட்டிக்காரருக்கு ஒரு எம்.பி., மல்லாங்கிணறுக்காரருக்கு வேறு எம்.பி. 2024 தொடக்கத்தில் மோடியே ராமநாதபுரத்தில் நிற்கப்போகிறார் என்று ஒரு பேச்சு பரவியது. அந்த ரெண்டு மாதம் திருச்சுழி டீக்கடைகளில் வேறு பேச்சே கிடையாது. கடைசியில் பாஜக ஆதரவோடு ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக வந்தார், பலாப்பழம் சின்னத்தில். அவர் பேரிலேயே இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் மனுப் போட்டுப் பட்டியலில் இடம் பிடித்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அத்தை, எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரன் சிலேட்டில் பலாப்பழத்தை வரைந்து முள்ளெல்லாம் போட்டுக் காட்டினான். “இதத்தான் அமுக்கணும், திராட்சைய அமுக்கிராத ஆச்சி.” அவர் சிலேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “படம் இருக்கட்டும்டா. இந்தாளு நம்ம கண்மாயப் பாத்துருக்காரா?” முடிவில் முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனி 1,66,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் அத்தை கேட்ட கேள்வி எந்த வேட்பாளருக்கும் பொருந்தும். அதை வேட்பாளர் ஆன பிறகு கேட்பதைவிட, ஆவதற்கு முன்பு கேட்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஜனாதிபதி தேர்தலுக்கு முன்பே, எங்கள் கட்சிக்கு யார் வேட்பாளர் என்று கட்சிக்காரர்களும் ஆதரவாளர்களும் மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போடுகிறார்கள். பல வருஷம் அதில் முதலில் வந்தது அயோவா. அது மக்காச்சோள நாடு. வேட்பாளர் ஆக நினைப்பவர்கள் ஒரு வருஷம் முன்பே அங்கே போய், விவசாயிகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மக்காச்சோள விலையும் எத்தனால் கொள்கையும் பற்றிக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 2020 வரை பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் கூடி, இன்னாருக்கு இந்த மூலை, இன்னாருக்கு அந்த மூலை என்று பிரிந்து நின்று, தலை எண்ணித்தான் முடிவு செய்தார்கள். எங்கள் பக்கமும் மக்காச்சோளம் போடுகிறோம். 2018இல் படைப்புழு வந்து காட்டை மொத்தமாகத் தின்றுவிட்டுப் போனது. அந்த வருஷம் நிவாரணம் எவ்வளவு, காப்பீட்டுப் பணம் எப்போது என்று கேட்க ஆள் தேடி நாங்கள்தான் அலைந்தோம். எம்.எல்.ஏ. ஆக ஆசைப்படுகிறவர் எங்களைத் தேடி வந்து, புழுத் தின்ற கதிரைக் கையில் வாங்கிப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இங்கே யாருக்கும் இல்லை. அவர் போய் நிற்க வேண்டிய வாசல் வேறு.

அங்கேயும் இது சும்மா கிடைத்துவிடவில்லை. 1968இல் ஜனநாயகக் கட்சியின் ஹம்ப்ரி ஒரு மாநிலத்தில்கூட அந்த உள்கட்சித் தேர்தலில் நிற்காமலேயே கட்சிப் பெரியவர்கள் துணையோடு வேட்பாளர் ஆனார். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே தெருவெல்லாம் போராட்டம், தடியடி. தோல்விக்குப் பிறகு அந்தக் கட்சி குழு போட்டு விதியை மாற்றியது. 1972 முதல்தான் மக்கள் போடும் ஓட்டுக்கு உண்மையான பிடி வந்தது. கட்சிக்காரர்கள் சண்டை போட்டு வாங்கிய உரிமை அது.

வேட்பாளருக்கு ஆதரவு தெரிவிக்கும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊரில் இதுதான் பெரிய வியாபாரம். அமெரிக்காவில் 2020 உள்கட்சித் தேர்தலில் பைடன் முதல் மாநிலங்களில் தோற்றுத் துவண்டிருந்தார். பிப்ரவரி 26 அன்று தெற்கு கரோலினாவின் கறுப்பின மக்கள் மதிக்கும் எம்.பி. ஜிம் கிளைபர்ன், என் ஆதரவு பைடனுக்கு என்று வெளிப்படையாகச் சொன்னார். மூன்று நாளில் அங்கே பைடன் பெரிய வெற்றி பெற்றார். அங்கிருந்து நிலைமையே மாறியது. அங்கே ஒரு மனிதர் தன் பேரில், தன் மரியாதையைப் பணயம் வைத்துச் சொன்னார். கேட்டவர்கள் கையில் ஓட்டு இருந்தது. அவர் சொன்னதை ஏற்கவும் தள்ளவும் அவர்களால் முடிந்தது.

எங்கள் ஊரில் எப்படி? வேட்பாளர் பேர் வந்த மறுவாரம் சுவரெல்லாம் போஸ்டர். இந்தச் சமுதாயம் அந்த அணிக்கு ஆதரவு, அந்தச் சங்கம் இந்த அணிக்கு ஆதரவு. தலைவர் பொன்னாடை போர்த்துகிற படம். அந்தச் சமுதாயத்தில் எத்தனை பேரைக் கேட்டு முடிவெடுத்தார்கள்? ஒருவரையும் கேட்டிருக்க மாட்டார்கள். உறவின்முறை என்ற அமைப்பு எங்கள் ஊர்களில் சாதாரணப்பட்டதல்ல. மகமை வசூலித்துப் பள்ளிக்கூடம் கட்டிய, கணக்கு வழக்கைப் பொதுவில் வைத்த பாரம்பரியம் அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தூர், விருதுநகர் உறவின்முறைகளுக்கு உண்டு. பள்ளிக்கூடச் செலவுக்குக் கூட்டம் போட்டுக் கணக்குக் கேட்ட மக்களை, ஓட்டு விஷயத்தில் மட்டும் ஒரு கையெழுத்தில் மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பது எனக்குத் தாங்கவே முடியாத ஒன்று. அப்படிக் கொடுத்தாலும் போய்ச் சேர்வதில்லை என்பது வேறு விஷயம்.

நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கருவேல நிழலில் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுத் தூக்குவாளியைத் திறக்கும்போது பெண்கள் பேசுவார்கள்.

“சங்கத்துல சொல்லிட்டாங்களாம்ல, எல்லாரும் இந்தத் தடவ அந்தப் பக்கமாம்.”

“யாரு சொன்னா?”

“தலைவருதான். போஸ்டர் ஒட்டிருக்காங்க மதினி.”

“அவரு வீட்டு ஓட்டு நாலு. அத வேணா அவரு சொல்லட்டும். எங்க வீட்டுக்கு நாலு மாசமா காட்டுப்பன்னி வந்து கடலைய நோண்டிட்டுப் போகுது. அதுக்கு யாரு வந்து நின்னாகளோ, அவுகளப் பத்திப் பேசு.”

ஆதரவு என்பதற்கு ஒரு அளவுகோல் வேண்டும் என்றால் இதைவிட நேரானது எனக்குத் தெரியவில்லை. காட்டுப்பன்றி வந்தபோது நின்றது யார், பயிர்க் காப்பீட்டுப் பட்டியலில் பேர் விட்டுப்போனபோது வேளாண்மை அலுவலகத்துக்குக் கூட வந்தது யார், வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லிக் கலெக்டரிடம் மனுக் கொடுத்தது யார். இதெல்லாம் அந்தப் பெண்களுக்கு நினைவிருக்கிறது. இந்த நினைவுக்குக் கட்சியின் நேர்காணல் அறையில் இடமில்லை.

நம் நாட்டில் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2014இல் காங்கிரஸ் சுமார் 15 தொகுதிகளில் கட்சி நிர்வாகிகள் ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சோதித்தது. வடோதராவில் அப்படி ஜெயித்தவர் நரேந்திர ராவத். மோடி அங்கே நிற்கிறார் என்று தெரிந்ததும் ராவத்துக்குப் பதில் மதுசூதன் மிஸ்திரியை நிறுத்தினார்கள். ஓட்டுப் போட்டு ஜெயித்தவரையே மாற்றலாம் என்றால் அந்த ஓட்டுக்கு என்ன மரியாதை? 2022இல் பஞ்சாபில் ஆம் ஆத்மி கட்சி, முதலமைச்சர் வேட்பாளராக யார் வேண்டும் என்று மக்களைத் தொலைபேசியில் கேட்டது. 21 லட்சம் பேருக்கு மேல் பதில் சொன்னார்கள், 93 சதவீதம் பகவந்த் மானுக்கு என்று அறிவித்தார்கள். கணக்கு கட்சியின் கையில்தான் இருந்தது என்ற குறை உண்டு. ஆனாலும் கேட்டார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால், வழக்கு இல்லாத வேறு ஆளை ஏன் நிறுத்தவில்லை என்று கட்சி காரணம் எழுதிப் பத்திரிகையிலும் தன் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். ‘ஜெயிப்பார்’ என்பது மட்டும் காரணமாகாது. நல்ல தீர்ப்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள், வழக்கு உள்ளவருக்குத்தான் காரணம் சொல்ல வேண்டும். வழக்கே இல்லாத ஒருவரை, தொகுதியை எட்டிக்கூடப் பார்க்காத ஒருவரை நிறுத்தினால், ஏன் இவர் என்று யாரும் ஒரு வரி எழுத வேண்டியதில்லை.

“ஊருக்குள்ள வச்சு முடிவு பண்ணலாமே, ஊராட்சித் தேர்தல்ல பண்றாப்புல” என்று சித்தப்பா ஒருவர் சொன்னார். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் இல்லை. பூட்டுச் சாவி, ஆட்டோ ரிக்‌ஷா என்றுதான் வரும். அதனால் பேச்செல்லாம் ஆளைப் பற்றித்தான், அது உண்மை. ஆனால் கோயில் வாசலில் கூடி ஒருமனதாக முடித்துவிடுகிறோம் என்ற பேரில் என்ன நடக்கிறது என்றும் பார்த்திருக்கிறோம். 2019 டிசம்பரில் கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது. அதே மாதம் எங்கள் விருதுநகர் மாவட்டத்திலேயே கோட்டைப்பட்டியில், தலைவர் பதவியைப் பேசி முடிக்கும் கூட்டத்தில் எதிர்த்துக் கேட்ட ஓர் இளைஞர் அடிபட்டு இறந்தே போனார். கேள்வி கேட்டதற்கு உயிர். இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிப்பது நான் கேட்கும் ஏற்பாடு அல்ல. அந்தக் கூட்டங்களில் பெண்கள் உட்கார்வதில்லை. சேரிப் பக்கத்து ஆட்களைக் கூப்பிடுவதில்லை. பேச்சு எல்லோர் முன்னாலும் நடக்க வேண்டும், ஓட்டு மட்டும் மறைவாக விழ வேண்டும்.

கட்சிகள் இதைத் தாமாகச் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உறுப்பினர் அட்டை கொடுத்த கட்சி, கிளைக் கழகத்துக்கு நிர்வாகி தேர்ந்தெடுக்க ஓட்டு வைக்கிற கட்சி, வேட்பாளர் என்று வரும்போது மட்டும் தலைமை அறிவிக்கும் என்று வாயை அடைத்துவிடுகிறது. காசு விளையாடும், கோஷ்டி கூடும் என்று கட்சிக்கார நண்பர்கள் பயப்படுகிறார்கள். இப்போது மட்டும் காசு விளையாடவில்லையா? மூடிய அறைக்குள் விளையாடுகிறது, அவ்வளவுதான்.

கட்சிகள் மாறும்வரை எங்களால் ஆனதைச் செய்யலாம் என்று நாங்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை விருப்ப மனு வாங்கும் காலத்திலேயே, எங்கள் தொகுதிக்கு மனுக் கொடுத்தவர் யார் யார் என்று விசாரித்து, எந்தக் கட்சியாக இருந்தாலும் எல்லோரையும் ஒரு பொது இடத்துக்குக் கூப்பிடுவது. மேடை இல்லை, மாலை இல்லை, மைக் ஒன்று மட்டும். கேள்விகளை இப்போதே எழுதி வைத்திருக்கிறோம். காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரி 21 அன்று, ஓட்டுக்கு ஆறு வாரம் முன்னால் அடிக்கல் நாட்டினார்களே, குண்டாறு வரைக்கும் தண்ணீர் கொண்டுவர நீங்கள் சட்டமன்றத்தில் என்ன கேட்பீர்கள்? அருப்புக்கோட்டைக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் வருகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று உங்களுக்குத் தெரியுமா? மத்திய அரசு 2018இல் விருதுநகரைப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்ததே, அதனால் நரிக்குடி ஒன்றியத்துக்கு என்ன கிடைத்தது? குதிரைவாலிக்கும் உளுந்துக்கும் கொள்முதல் நிலையம் எங்கே வேண்டும்? உங்களுக்குச் சீட்டு கிடைக்காவிட்டாலும் இந்தக் கேள்விகளை உங்கள் கட்சியில் கேட்பீர்களா?

வருவார்களா என்றால், எல்லோரும் வரமாட்டார்கள். தலைமைக்குப் பிடிக்காது என்று சிலர் ஒதுங்குவார்கள். சீட்டு உறுதி என்று நினைப்பவர் வரவே மாட்டார். வராதவர் நாற்காலியைக் காலியாகப் போட்டு வைப்போம் என்று இளவட்டங்கள் சொல்கிறார்கள். எனக்கும் சம்மதம்தான். இடம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கோயில் மண்டபம் என்றால் எல்லோரும் வர முடியாது, கல்யாண மண்டபம் என்றால் வாடகை. கண்மாய்க் கரையிலேயே வைக்கலாம் என்று அந்த மதினி சொல்லியிருக்கிறார். ஆனால் மூணு மணிக்கு மேல்தான் வைக்க வேண்டுமாம். வேலை முடிந்து வருகைப் பதிவு எடுத்த பிறகுதான் அவர்களால் உட்கார்ந்து கேட்க முடியும்.